கேபிளை நிறுத்திவிட்டு வீட்டில் டிவி பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பை நிறுத்தினேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று யாராவது ஒருவர் போன் செய்து, "நீங்க என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், அவர்கள் கேட்ட கேள்விகளையே வரிசையாக வைத்துப் பதில் எழுதிவிட்டேன். தமிழ்நாட்டில், ஒரு டிவியைச் சுற்றி நான்கைந்து பேர் இருக்கும் சாதாரண வீட்டை மனதில் வைத்துத்தான் எல்லாம்.

நிறுத்துவதற்கு முன்னால் முதல் வேலை என்ன?

ஒரு தாளை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு வாரம், யார் எந்த சேனலை எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருநூற்றுச் சொச்சம் சேனலுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தாளில் ஒரு வாரத்தில் ஏறியவை ஒன்பதே ஒன்பது. அதிலும் இரண்டு, ரிமோட் கை தவறி மாறியவை. அம்மாவுக்குச் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இரண்டு சேனல்களில் மாறி மாறி சீரியல். அப்பாவுக்குக் காலையில் செய்தி, மதியம் பழைய பாட்டு. பையனுக்கு யூடியூப் மட்டும். எனக்கு கிரிக்கெட் இருந்தால் கிரிக்கெட்.

எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். பாதிப் பேர் அதை எழுதி முடித்ததும் பதிலும் தெரிந்துபோய், திரும்பப் போன் செய்வதே இல்லை.

கேபிள் இல்லாமல் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நான்கு. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். கட்டணம் கட்டிப் பார்க்கும் தனியார் டிடிஎச். வீட்டு இன்டர்நெட்டில் ஆப்கள் வழியாகப் பார்ப்பது. ஃபைபர் கம்பெனிகளே நெட்டோடு சேர்த்துத் தரும் டிவி. பெரும்பாலான வீடுகளுக்கு இதில் ஒன்று மட்டும் போதாது, இரண்டைச் சேர்த்துத்தான் சரிவரும்.

பழைய மாதிரி மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்தால் எதுவும் வராதா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூர்தர்ஷன் தனது பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக மூடி, 2022 மார்ச்சுக்குள் எல்லைப்பகுதி போன்ற சில முக்கிய இடங்களில் உள்ளவை தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. சென்னை உட்பட 16 நகரங்களில் 2016-ல் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கியது உண்மைதான். அதற்கென்று தனி ட்யூனர் தேவை. அது வாங்கும் காசுக்கு ஒரு டிஷ்ஷே போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவன் நான். கடலோரத்து ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி எடுப்பதற்காக இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி உயரமாக ஆன்டெனா நிற்கும். ஒருவர் மேலே திருப்ப, இன்னொருவர் ஜன்னலிலிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு… போச்சு!" என்று கத்துவார். அந்தக் குழாய்களில் இப்போது துணி காய்கிறது.

டிடி ஃப்ரீ டிஷ் உண்மையிலேயே இலவசமா?

மாதக் கட்டணம், ரீசார்ஜ் எதுவும் கிடையாது. டிஷ், எல்என்பி (தட்டுக்கு முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் சின்ன கருவி), ஒயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு தடவை 1,500 முதல் 2,000 ரூபாய் வரை ஆகும், அவ்வளவுதான். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது.

பாக்ஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் 'எம்பெக்-4 பாக்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸ் நூறு இருநூறு குறைவாகக் கிடைக்கும். அதில் ஒரு பகுதி சேனல்கள் வரவே வராது. சில புது டிவிகளில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தில் திருகிப் பொருத்தும் மாதிரி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாக்ஸ் செலவும் மிச்சம்.

அதில் சன் டிவி, விஜய் டிவி எல்லாம் வருமா?

வராது. இந்த ஒரு பதிலைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

காரணம் எளிது. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் வேண்டுமென்றால் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியிடம் ஏலத்தில் பணம் கட்டி எடுக்க வேண்டும். மக்களிடம் வசூல் கிடையாது என்பதால் விளம்பரத்தில் மட்டுமே காசு பார்க்க வேண்டும். இந்தி பேசும் பகுதியில் அது கட்டுப்படியாகிறது. நம் ஊரில் மக்கள் ஏற்கெனவே பணம் கட்டிப் பார்க்கும் பெரிய தமிழ் சேனல்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்க என்ன அவசியம்? அதனால் அங்கே இந்தி சேனல்கள் கொட்டிக் கிடக்கும், தமிழுக்கு முக்கியமாக டிடி தமிழ்தான். நாம் பொதிகை என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது.

அப்படியானால் யாருக்கு அது? மூன்று விதமானவர்களுக்குச் சொல்வேன். ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு. பிஎம் இ-வித்யா பாட சேனல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு, நெட் இல்லாத தோட்டத்து வீடு, கடை, செக்யூரிட்டி அறை போன்ற இடங்கள். மூன்றாவது, கிரிக்கெட் பார்ப்பவர்கள். இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2007-ல் வந்த ஒரு சட்டப்படி, இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப் பெற்ற ஒளிபரப்பை தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிள், டிடிஎச்சில் காட்டக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இந்தியா ஆடும் ஒருநாள் போட்டியைக் காசில்லாமல் பெரிய திரையில் பார்க்க ஃப்ரீ டிஷ்தான் வழி. ஐபிஎல் இந்தக் கணக்கில் வராது, அதற்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும்.

டிஷ்ஷை நானே பொருத்தலாமா?

பொருத்தலாம். பொறுமை இருந்தால் அரை நாள், ஆள் கூப்பிட்டால் அரை மணி நேரம்.

ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே. சென்னையிலிருந்து பார்த்தால் அது சரியாகத் தென்கிழக்கில் வரும். மதுரைக்கு இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளி. வானத்தில் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே. ஆனால் டிஷ் அப்படி அண்ணாந்து பார்ப்பதுபோல் தெரியாது. நம் வீட்டு டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு நிஜத்தில் பார்ப்பதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி தாழ்வாகப் பார்ப்பதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றும். இது தெரியாமல் நான் முதல் நாள் தட்டை நன்றாக மல்லாத்தி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். ஒரு சேனலும் வரவில்லை. பக்கத்து மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அக்கா, "அந்த வீட்டு டிஷ் எப்படி இருக்குன்னு பார்த்து அதே மாதிரி வைங்களேன் தம்பி" என்றார். ஐந்து நிமிடத்தில் சிக்னல் வந்தது. அக்கம்பக்கத்தில் ஃப்ரீ டிஷ் இருந்தால் அதைப் பார்த்து வைப்பதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பாக்ஸின் மெனுவில் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு கோடுகள் காட்டும். பார்க்க வேண்டியது குவாலிட்டியை மட்டும். ஸ்ட்ரெங்த் கோடு எல்என்பிக்குக் கரண்ட் போனாலே ஏறி நிற்கும், அதை நம்பி நட்டை முறுக்கிவிடாதீர்கள். தட்டை ஒரு விரல்கடை நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, கோடு ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த விரல்கடை. நட்டு முறுக்கும்போதே கொஞ்சம் விலகும், அதனால் முறுக்கிய பிறகும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தென்கிழக்குப் பக்கம் ஒட்டி வளரும் தென்னங்கன்று இருந்தால் யோசித்து வையுங்கள். இன்றைக்கு மறைக்காது, நான்கு வருடத்தில் மட்டை வந்து முன்னால் நிற்கும். மொட்டை மாடியில் அணில் ஓடும் வீடாக இருந்தால் ஒயரை பிவிசி குழாய்க்குள் விட்டு இறக்குங்கள்.

மழை வந்தால் படம் போய்விடுகிறதே?

போகும். டிடிஎச் எல்லாமே கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில் வருகிறது. அந்த அலையை அடர்த்தியான மழையும் கனத்த மேகமும் உறிஞ்சிவிடும். சாதாரணத் தூறலுக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைக்குப் பத்து இருபது நிமிடம் போய்விட்டுத் திரும்ப வரும். தூறலுக்கே கட்டம் கட்டமாக உடைந்தால் மழையின்மேல் பழி போடாதீர்கள். டிஷ் கொஞ்சம் விலகியிருக்கிறது, அல்லது எல்என்பியில் சொருகும் பின்னுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபரிலும் சில நாட்கள் பளிச்சென்ற வெயிலில் சில நிமிடம் படம் போகும். சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்பதுதான் காரணம். தானாகச் சரியாகிவிடும், மெக்கானிக்கைக் கூப்பிட்டு முந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இடி மின்னல் நேரத்தில் மட்டும் பாக்ஸின் பின்னாலிருந்து டிஷ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

தனியார் டிடிஎச் போட்டால் கேபிளைவிட மிச்சமா?

பெரிய மிச்சம் கிடையாது. டாடா பிளே, ஏர்டெல், சன் டைரக்ட், டிஷ் டிவி, டி2எச் எல்லாவற்றுக்கும் கேபிளுக்கு உள்ள அதே விலை முறைதான். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி, இணைப்புக்கென்று அடிப்படைக் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு கட்டண சேனலுக்கும் தனி விலை. அப்போது அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அந்த 40 காசைச் சில்லறையாக வாங்கியவர் யாரும் இருக்க முடியாது. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் டிராய் எடுத்துவிட்டது, இப்போது கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம்.

டிடிஎச்சின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வேண்டிய சேனலை மட்டும் நீங்களே ஆப்பில் சேர்க்கலாம், நீக்கலாம். கேபிள்காரரிடம் "அந்த சேனலை எடுத்துருங்கண்ணே" என்று மூன்று மாதம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சொன்ன தாளை வைத்துக்கொண்டு கம்பெனி தரும் பேக்கை விலக்கிவிட்டுத் தனித்தனியாகச் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு சேனல் மட்டும் என்றால் தனித்தனியாக எடுப்பது மலிவு. பத்தைத் தாண்டினால் பேக்தான் மலிவாக வரும், அப்படித்தான் விலையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிஷ் மாட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் டிவி ஸ்மார்ட் டிவி இல்லை. புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். டிவியில் எச்டிஎம்ஐ இணைப்பு இருந்தால் ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஏதாவது ஒரு ஸ்டிக்கோ ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸோ சொருகினால் போதும். ஒன்றே ஒன்று கவனியுங்கள். ஸ்டிக்குக்கு வேண்டிய கரண்டை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். அது தரும் மின்சாரம் பல டிவிகளில் போதாது. ஸ்டிக் தானாக ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும், நீங்கள் நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கூடவே வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் இன்னொரு சிக்கல். பெட்டியில் '4கே' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் கட்டண ஆப்களின் பாதுகாப்புச் சான்று அதற்கு இருக்காது. அதனால் ஆப்கள் அதில் மங்கலான படத்தையே அனுப்பும், சில ஆப்கள் இறங்கவே இறங்காது. ஏழெட்டு வருடம் ஆன ஸ்மார்ட் டிவியிலும் இதே கதைதான், ஆப்களுக்கு அப்டேட் நின்றுபோயிருக்கும். அதற்கும் ஸ்டிக்தான் மருந்து.

பழைய பெட்டி டிவி என்றால், 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி உட்பட, ஃப்ரீ டிஷ் பாக்ஸின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரை நேராகச் சொருகலாம். எங்கள் சித்தப்பா வீட்டில் அந்த டிவி இன்னும் ஓடுகிறது. ஸ்டிக் போட வேண்டுமென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். போடலாம், ஆனால் எழுத்துகள் எறும்பு மாதிரி தெரியும்.

நெட் எவ்வளவு வேகம் வேண்டும்? டேட்டா தீர்ந்துவிடாதா?

விளம்பரங்கள் பயமுறுத்தும் அளவுக்குத் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கே, முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ். ஒரு டிவி, இரண்டு போன் உள்ள வீட்டுக்கு 30 அல்லது 40 எம்பிபிஎஸ் பிளான் தாராளம். படம் சுற்றிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் குற்றவாளி வைஃபை. ரூட்டர் முன்னறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும், டிவி இரண்டு சுவர் தாண்டி இருக்கும். டிவிக்கும் ரூட்டருக்கும் நேராக லேன் ஒயர் இழுத்தால் பாதிப் புகார் தீரும். முடியாதென்றால், டிவி இருக்கும் அறையிலேயே ரூட்டர் இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை, சுவர் தாண்டி இருந்தால் 2.4.

டேட்டா விஷயத்தில் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 450 ஜிபி. வீட்டு ஃபைபர் பிளான்களில் இது ஒரு பொருட்டே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். தினம் 2 ஜிபி பிளானில் முதல் பத்து ஓவர் தாண்டாது.

எந்த சேனலுக்கு எந்த ஆப்?

சன் டிவி, கேடிவி குடும்பம் சன் நெக்ஸ்டில். விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், அதாவது 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி வந்த ஆப்பில். ஜீ தமிழ் ஜீ5-ல். செய்தி சேனல்கள் பெரும்பாலும் யூடியூபிலேயே நேரலையாக, இலவசமாக வருகின்றன. அதனால் செய்திக்கென்று யாரும் காசு கட்டத் தேவையில்லை. கல்வித் தொலைக்காட்சி வகுப்புகளும் யூடியூபில் உண்டு. டிடி தமிழ் உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்களுக்கு, பிரசார் பாரதி 2024 நவம்பரில் விட்ட வேவ்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது.

சந்தா விலைகளை இங்கே எழுதவில்லை. எழுதி முடிப்பதற்குள் மாற்றிவிடுவார்கள். உங்கள் போன் ரீசார்ஜிலோ நெட் பிளானிலோ இவற்றில் ஏதாவது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஆப்புக்கு எட்டு மாதம் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோம், நெட் பிளானில் அதே ஆப் சும்மா கிடந்தது. 'மொபைல்' என்று போட்டிருக்கும் மலிவுச் சந்தாவை டிவிக்காக வாங்கி ஏமாறாதீர்கள், டிவியில் ஓடாது. யுபிஐ ஆட்டோபே கேட்டால் போட்ட அன்றைக்கே அதை நிறுத்துவது எங்கே என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரிலேயே டிவி வருகிறதாமே?

வருகிறது. இந்த நான்கில் இப்போதைக்கு எனக்கு அதிகம் பிடித்திருப்பது இதுதான். பிஎஸ்என்எல் 2024 கடைசியில் ஐஎஃப்டிவி என்ற சேவையை மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும்தான் முதலில் தொடங்கியது. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் ஸ்மார்ட் டிவியில் ஒரு ஆப் வழியாக சேனல்கள் ஓடும், அதற்காகும் டேட்டா உங்கள் பிளான் கணக்கில் ஏறாது. ஜியோவும் ஏர்டெல்லும் இதே போல நெட்டோடு சேர்த்து சேனல்கள் தருகின்றன. கம்பி இழுக்க முடியாத இடத்தில் ஜியோ ஏர்ஃபைபர் மாதிரி 5ஜி இணைப்பும் உண்டு. மழைக்குப் படம் போகாது, மாடியில் டிஷ் வேண்டாம். உங்கள் தாளில் உள்ள சேனல்கள் எந்த பிளானில் வருகின்றன என்பதை மட்டும் சேர்வதற்கு முன் பெயர் சொல்லிக் கேளுங்கள். '500 சேனல்' என்பது ஒரு பதிலே அல்ல.

இதில் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. சின்ன ஊர்களில் கேபிள்காரர்தான் நெட்காரரும். கேபிளை நிறுத்தினால் மனிதருக்கு வருத்தம், நெட் கோளாறு என்று போன் செய்தால் 'நாளைக்கு வர்றேன்' நீண்டுகொண்டே போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு நாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, "நெட்டு உங்ககிட்டதாண்ணே, கேபிள் மட்டும் வேண்டாம்" என்று நேரில் சொன்னபிறகு சரியானது. இதைப் போனில் சொல்லியிருக்கக் கூடாது.

மேட்ச் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் முதலிலேயே கத்திவிடுகிறார்களே?

அவர்கள் கேபிளிலோ டிஷ்ஷிலோ பார்க்கிறார்கள், நீங்கள் ஆப்பில் பார்க்கிறீர்கள். ஆப்பில் படம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சேமிக்கப்பட்டுத்தான் வந்து சேரும். அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கலாம். பவுலர் ஓடி வரத் தொடங்கும்போதே எதிர்வீட்டில் "ஐயோ!" என்று சத்தம் கேட்டால் விக்கெட் நம்முடையது. இதற்கு மருந்து கிடையாது. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், அல்லது இந்தியா ஆடும் நாளுக்கென்று ஒரு ஃப்ரீ டிஷ் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்தேன்.

அம்மா, அப்பாவுக்கு ஆப் பழகுமா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் கேபிளை நிறுத்தியவர்கள் ஒரே மாதத்தில் திரும்பப் போடுவது இதனால்தான்.

கேபிள் ரிமோட்டில் அம்மாவுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார். ஆப்பில் டிவியைப் போட்டு, ஆப்பைத் தேடி, 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்பதற்குப் பதில் சொல்லி, சேனலைக் கண்டுபிடிப்பதற்குள் சீரியலின் டைட்டில் பாட்டு முடிந்துவிடும். முதல் வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அதுவே சொல்லிவிட்டது.

பிறகு செய்தவை: முகப்புத் திரையில் இரண்டே ஆப்களை முதலில் வைத்து, மற்றதை எல்லாம் பின்னால் தள்ளினேன். ரிமோட்டில் மைக் பட்டனுக்குமேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். அதை அழுத்தி சேனல் பெயரைத் தமிழில் சொன்னாலே வருகிறது. தொலைந்துபோனால் வீடு படம் போட்ட பட்டனை அழுத்தினால் முதலுக்கு வந்துவிடலாம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது வாரம் அம்மா, விட்டுப்போன எபிசோடை மறுநாள் மத்தியானம் தானே தேடிப் போட்டுப் பார்த்தார். இப்போது மின்சாரம் போனால்கூடக் கவலைப்படுவதில்லை, "அதான் நாளைக்கு இருக்குமே" என்கிறார்.

இதற்கெல்லாம் உங்களுக்கு நேரமில்லை, பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்றால் தயவுசெய்து அங்கே டிடிஎச் போட்டுவிட்டு வாருங்கள். எண் அழுத்தினால் சேனல் வரும். ரீசார்ஜை நீங்கள் இங்கிருந்தே செய்யலாம்.

டெலிகிராமில் '2,000 சேனல், வருடத்துக்கு 1,000 ரூபாய்' என்று ஒரு ஆப் தருகிறார்களே?

தொடாதீர்கள். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒரு பக்கம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் ஏபிகே கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை வைக்கும் போனில்தான் உங்கள் பேங்க் ஓடிபியும் வருகிறது. எங்கள் தெருவில் வாங்கியவருக்கு ஐபிஎல் தொடங்கிய மூன்றாம் நாள் எல்லாம் இருட்டு, விற்றவரின் கணக்கையும் காணோம்.

கரண்ட் போனால்?

டிவி இன்வெர்ட்டரில் இருந்தாலும் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. ரூட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது, அது போதும்.

மொத்தத்தில் எவ்வளவு மிச்சம்?

வீட்டில் ஏற்கெனவே நெட் இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். டிவிக்காக மட்டும் புதிதாக நெட் போடுவதாக இருந்தால் கையைக் கடிக்கும், கேபிளே இருக்கட்டும். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த காலத்தை நினைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இன்றைக்கு எதுவுமே மலிவு கிடையாது. நாங்கள் கேபிளுக்கு மாதம் 280, வருடத்துக்கு 3,360 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டு ஆப்புகளுக்கும் சேர்த்து அதைவிடச் சில நூறு குறைவு. மிச்சமானது ஃப்ரீ டிஷ் வாங்கியதற்குச் சரியாகப் போனது. சீரியல் ஓடாத நேரத்திலும் டிவி சும்மா ஓடிக்கொண்டிருப்பது மட்டும் நின்றுவிட்டது.

பழைய கேபிள் பாக்ஸை என்ன செய்வது?

அது பெரும்பாலும் உங்களுடையது அல்ல, அரசு கேபிள் பாக்ஸும் அப்படித்தான். ரிமோட், அடாப்டர் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டோ வாட்ஸ்அப்பில் ஒரு வரியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். நான் பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோய், ஒரு வருடம் கழித்து அவர்கள் வந்து கேட்டபோது ரிமோட்டைத் தேடி இரண்டு நாள் வீட்டைப் புரட்டினேன். பையன் அதன் பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விளையாட்டுச் சாமான் கூடையில் போட்டிருந்தான்.